கையெழுத்துக்குப் பக்கத்தில் எழுதியது

மூன்று வருடங்களுக்கு முன்பு, இலங்கை மலைநாட்டில் ஹாலிஎலவுக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. அப்போது நான் ஒரு கிராம அபிவிருத்தித் திட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். அடுத்த பத்து வருடத்தில் தங்கள் இடத்துக்கு என்ன வேண்டும் என்பதை அங்கே குடியிருப்பவர்களே கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டும். அதை எழுதிக்கொண்டு வந்து அலுவலகத்தில் கொடுப்பது என் பொறுப்பு. நான் பதுளை டவுனில் பிறந்து வளர்ந்தவள். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து ஆசிரியராக வந்தவர். தோட்டம் என்றால் பஸ் ஜன்னலில் பார்த்த பச்சை, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஆனாலும் மூன்று நாள் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியிருந்ததால் எல்லாம் தெரிந்த மாதிரி ஒரு நினைப்பு.

கூட்டம் பிள்ளைக்காம்பராவில் நடந்தது. தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகிற கட்டடம் அது. பின்னேரம் நாலரை மணி. ஆண்கள் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு நேராக வந்து பின்னால் நின்றார்கள். தோட்டத் தலைவர் எழுந்து, கல்யாணம் கருமாதிக்கு ஒரு மண்டபம் வேண்டும் என்றார். சம்மதம் என்றால் கையைத் தூக்குங்கள் என்றேன். முன்வரிசை முழுவதும் தூக்கியது. படிவத்தில் ‘முதல் தேவை’ என்ற கட்டம் பத்து நிமிடத்தில் நிரம்பிவிட்டதில் எனக்குப் பரம திருப்தி.

அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு அக்கா பேசினார். நாற்பது வயது இருக்கும். ஒட்டி ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களில், எல்லாவற்றுக்கும் கீழே இருக்கிற கடைசி லயத்தில் குடியிருப்பவர். லயத்துக்கு மேலே உள்ள மண்திட்டில் மழை பெய்தால் தண்ணீர் ஊறி வருவதாகவும், போன மழைக்குப் பிறகு கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு விழுந்திருப்பதாகவும் சொன்னார். திட்டுக்கு மேலே வாய்க்கால் மாதிரி ஒரு கான் வெட்டினால் தண்ணீர் விலகி ஓடிவிடும் என்றார். கான் வெட்டுவது தோட்ட நிர்வாகத்தின் வேலை, இது பெரிய விஷயங்களுக்கான திட்டம் என்று பக்குவமாகச் சொன்னேன். நிர்வாகத்திடமும் சொல்லியாகிவிட்டது என்றார். சரி, குறித்துக்கொள்கிறேன் என்றேன். குறித்துக்கொள்ளவில்லை.

கடைசியில் வரவுத்தாளைச் சுற்றுக்கு விட்டேன். பெயர், அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து, இவ்வளவுதான். அந்த அக்காவிடம் போனதும் தாள் அங்கேயே நின்றுவிட்டது. எழுதச் சிரமப்படுகிறார் போலிருக்கிறது என்று நினைத்து உதவிக்குப் போக இருந்தேன். நல்லவேளை போகவில்லை. தாள் திரும்பி வந்தபோது அவருடைய கையெழுத்துக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தில் குண்டு குண்டான எழுத்தில், ‘மழைக்கு முந்தி மேல கான் வெட்டணும்’ என்று இருந்தது. அதற்குக் கீழே கையெழுத்துப் போட்ட பெண்கள் ஒவ்வொருவரும் பக்கத்தில் ‘அதே’ என்று எழுதியிருந்தார்கள். வரிசையாக, தாளின் அடிவரைக்கும் அதே, அதே, அதே.

இது வந்தவர்களின் பெயர்ப் பட்டியல், இதில் எழுதக்கூடாது என்றேன். குரலில் கொஞ்சம் எரிச்சல் இருந்திருக்கும்.

“சும்மா கையெழுத்து போட்டா அது எங்க போகுது, எதுக்குப் போகுதுன்னு தெரியாதுங்க மிஸ்” என்றார் அந்த அக்கா. “அதான் எதுக்குப் போட்டோம்னு எழுதிட்டோம்.”

புதுத் தாளில் மறுபடி எழுதி வாங்க நேரமில்லை, பஸ்ஸுக்கு ஓட வேண்டியிருந்தது.

மறுநாள் அலுவலகத்தில் அந்தத் தாளைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. மற்றத் தோட்டங்களின் தாள்கள் எல்லாம் துப்புரவாக இருந்தன. ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பட்டையாக வெட்டி, அவர்கள் எழுதியதன் மேல் வைத்து போட்டோ கொப்பி எடுத்தேன். பளிச்சென்று வந்தது. கொப்பியைக் கோப்பில் வைத்து மேலே அனுப்பினேன், அசலை என் மேசை லாச்சியில் போட்டேன். அப்படிச் செய் என்று யாரும் சொல்லவில்லை. பார்க்க அழகாக இருக்கட்டும் என்று நானேதான் செய்தேன்.

ஐப்பசி மழை பிடித்தது. ஒருநாள் காலை பத்து மணிபோல அந்தத் திட்டு இறங்கிவிட்டது. மூன்று வீடுகளின் சமையல் குசினிகள் மண்ணுக்குள் போயின, அதில் ஒன்று அந்த அக்காவுடையது. எல்லோரும் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த நேரம், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். அதனால்தான் உயிர் போகவில்லை. அந்த லயத்தில் இருந்த பன்னிரண்டு குடும்பங்களையும் தோட்டப் பாடசாலையில் தங்க வைத்தார்கள்.

ஒரு வாரம் கழித்து அதிகாரிகள் வந்து அங்கேயே விசாரணை வைத்தார்கள். மேலே அனுப்பிய கோப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு நானும் போயிருந்தேன். பன்னிரண்டு குடும்பங்களுக்கும் வேறு இடத்தில் வீடு கொடுப்பதா, இடிந்த மூன்றை மட்டும் திருத்திக் கொடுத்து எல்லோரையும் அதே லயத்துக்குத் திருப்பி அனுப்புவதா என்பதுதான் கேள்வி. விசாரித்த அதிகாரி கோப்பைப் புரட்டினார். இவர்களே கூடி எழுதிய திட்டத்தில் மண்டபம்தான் முதல் தேவை என்று இருக்கிறது, ஆபத்து இருப்பதாக ஒரு சொல்கூட இல்லையே என்றார். அப்படியானால் திருத்தினால் போதும் என்று முடிக்கப் பார்த்தார்.

“நாங்க எழுதிக் குடுத்தோங்க” என்றார் அந்த அக்கா.

அதிகாரி வரவுத்தாளை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். அவர் தன் கையெழுத்தைக் கண்டுபிடித்தார். அதற்குப் பக்கத்தில் வெறும் வெள்ளை. விரலால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். உண்மையைச் சொன்னால் வேலை போய்விடுமோ என்று உள்ளூர ஒரு கணக்கும் போட்டேன். அதை மறைப்பதற்கில்லை. ஆனால் அந்த லயத்துக்குத்தான் அவர்கள் திரும்பிப் போய்ப் படுக்க வேண்டியிருக்கும். அது கொப்பி, அசல் என்னிடம் இருக்கிறது, நான்தான் மறைத்து எடுத்தேன் என்று எழுந்து சொன்னேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

அடுத்த நாள் அசலை அந்த அதிகாரியின் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பன்னிரண்டு குடும்பங்களின் பெயரும் வீட்டுப் பட்டியலில் சேர்ந்தது. வீடு கையில் கிடைக்க ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது, அதுவரை தகரக் கொட்டகையில் இருந்தார்கள். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம், வேலை தப்பியது.

அன்று அசலைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது அந்த அக்கா வாசலில் நின்றார். மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டினார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், அதுவுமில்லை.

“அந்தத் தாளுல எனக்கு ஒரு கொப்பி அடிச்சுக் குடுங்க மிஸ்” என்றார். “எங்க கையிலயும் ஒண்ணு இருக்கட்டும்.”

உள்ளே போய் ஒரு கொப்பி எடுத்துவந்து கொடுத்தேன். மடித்துச் சேலை மடியில் செருகிக்கொண்டு போனார். இப்போதும் நான் இதே வேலையில்தான் இருக்கிறேன், நிறையக் கூட்டங்கள் நடத்துகிறேன், எங்கே போனாலும் மக்கள் என்னை நம்பித்தான் பேசுகிறார்கள். ஆனால் அவர் என்னை நம்பாமல் இருந்ததுதான் சரி என்பது எனக்குத் தெரியும், அது இன்றைக்கும் உறுத்துகிறது.