நீர்வேலியை விற்கப் போன யசிந்தா அக்கா

பஸ்ஸில் ஜன்னலோரம் இருக்கும் யசிந்தா அக்கா இடையில் திடீரென்று எழுந்து நிற்பார். கண்டக்டர் மணியை அடித்துவிடுவார். "இல்லைத் தம்பி, இறங்கேல்லை. பாத்தனான்" என்று சொல்லிவிட்டு மறுபடி இருந்துவிடுவார். அவர் பார்த்தது உபதபாற் கந்தோரின் பலகையை. ஓர் ஊரின் பெயரை ஒழுங்காக எழுதியிருப்பது அங்கேதான் என்பது அவருடைய நம்பிக்கை. பிறகு கைபேசியை எடுத்து, அந்தப் பெயரில் இணைய முகவரியை யாராவது வாங்கிவிட்டார்களா என்று தேடுவார். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து இதைப் பார்த்துவருகிறேன். பட்டம் முடித்து வேலை தேடித் திரியும் இப்போதும் அவர் எழுந்து நிற்கிறார். கண்டக்டர்களும் மணி அடிக்கிறார்கள்.

குருநகரில் பெரிய தெருவிலிருந்து எங்கள் ஒழுங்கை பிரியும் இடத்தில் அவருடைய கடை இருந்தது. போட்டோ பிரதி, கைபேசிக்கு ரீலோட், கடவுச்சீட்டுப் படம். கணவர் கனிசியஸ் கடலுக்குப் போகிறவர். பிரான்ஸிலிருக்கும் தம்பி றஞ்சித்தின் வங்கி அட்டையில்தான் அக்கா முதலில் குருநகர் என்ற பெயரை வாங்கினார். பூசை நேரம், திருவிழா ஒழுங்கு, மரண அறிவித்தல், கேக் அடிப்பவர்களின் தொலைபேசி எல்லாவற்றையும் அதில் ஏற்றினார். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஆட்கள் காலையில் எழுந்ததும் அதைத்தான் பார்த்தார்கள். கேக்காரர்களும் பந்தல்காரர்களும் விளம்பரம் தந்தார்கள். அதில் ருசிப்பட்டு, கண்ட ஊர்ப் பெயரையெல்லாம் வாங்கிப் போட்டார்.

"சனம் காணி வாங்குது. நீ காத்திலை காணி வாங்கிறாய்" என்றான் றஞ்சித்.

"காத்திலை எண்டாலும் எல்லை இருக்கடா. நான் வாங்கினால் வேறை ஒருத்தன் வாங்கேலாது."

ஆனால் வாங்கிச் சும்மா போட்டால் பற்றைதான் வளரும் என்பது அவருக்கு ஒரு வருடத்தில் விளங்கிவிட்டது. ஒவ்வொரு பெயருக்கும் வருடாவருடம் கட்டணம் கட்ட வேண்டும். யாரும் வந்து பார்க்காத பெயருக்கு எதற்குக் கட்டுவது? பலவற்றைக் கைவிட்டார். மிஞ்சியவை குருநகர், கொக்குவில், பண்டத்தரிப்பு, நீர்வேலி. கொக்குவிலில் வாடகை அறைகளும் ரியூசன் வகுப்புகளும். பண்டத்தரிப்பில் ஒரு பள்ளிக்கூடப் படமும் 'விரைவில்' என்ற சொல்லும். நீர்வேலிதான் அதிசயமாக ஓடியது. அங்கே வாழைத்தோட்டம் செய்யும் தம்பிஐயா என்பவர் தினமும் காலையில் தொலைபேசியில் குலை விலை சொல்வார், அக்கா ஏற்றுவார். வெளி மாவட்ட வியாபாரிகள் அதைப் பார்த்துவிட்டுத்தான் லொறி எடுத்தார்கள்.

போன தவக்காலத்தில் கடை அறைக்குச் சொந்தக்காரர் கனடாவிலிருந்து பேசினார். "அறையை விக்கப்போறன் யசிந்தா. உள்ளுக்கு இருக்கிற நீங்கள்தான் முதல். உயிர்த்த ஞாயிறு வரைக்கும் வேறை ஆருக்கும் சொல்லமாட்டன்."

முற்பணத்துக்கு அக்காவிடம் வழி இல்லை. அந்தக் கிழமையே கொழும்பிலிருந்து ஒரு கடிதம் மின்னஞ்சலில் வந்தது. வாழைக்காய்ப் பொரியலைப் பைகளில் அடைத்து விற்கும் கொம்பனி ஒன்று நீர்வேலி என்ற முகவரியைக் கேட்டது. அவர்கள் சொன்ன விலை முற்பணத்துக்குப் போதும்.

"அந்தோனியார் கண் திறந்திட்டார். உடனை குடு" என்றான் றஞ்சித்.

"கேக்காமல் எப்பிடிக் குடுக்கிறது?"

"ஆரை?"

"அயலை."

எங்கள் பக்கத்தில் காணி விற்பதென்றால் முதலில் பங்காளியைக் கேட்பார்கள், பிறகு எல்லைக்காரரை. அவர்கள் வேண்டாம் என்றால்தான் வெளியாளுக்கு. கேட்காமல் விற்றதால் செத்தவீட்டிலும் முகம் பார்க்காத இரண்டு குடும்பங்கள் எங்கள் ஒழுங்கையிலேயே உண்டு. ஆனால் இணைய முகவரிக்கு எல்லைக்காரர் யார் என்று நான் கேட்டேன். "பேருக்குச் சொந்தக்காரர் அங்கை இருக்கினமெல்லே" என்றார். வேலை இல்லாதவளாக இருந்ததால் நானும் அவருடன் பஸ் ஏறினேன்.

தம்பிஐயா வாழைக்கு வாய்க்காலில் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றார். வருடக்கணக்காகத் தினமும் கதைத்தவர்கள் அன்றுதான் நேரில் கண்டார்கள்.

"குரலைக் கேட்டு உம்மை ஒரு கிழவியெண்டெல்லே நினைச்சன்" என்றார் அவர்.

"நானும் உங்களைப் பெடியனெண்டு நினைச்சன் ஐயா. ரெண்டு பேருக்கும் நட்டம்."

அவர் சிரித்து முடித்ததும் அக்கா நேரே விஷயத்துக்கு வந்தார். "நீர்வேலியை விக்கப்போறன் ஐயா."

தம்பிஐயா மண்வெட்டியை ஊன்றினார். "முழுசாவோ?"

தேத்தண்ணி கொண்டுவந்த அவருடைய மனைவி, "எங்கடை வீட்டை விட்டிட்டு வில்லுங்கோ பிள்ளை" என்றார்.

அக்கா கொம்பனியைப் பற்றிச் சொன்னார், கடை அறையைப் பற்றியும் மறைக்காமல் சொன்னார். "உங்கடை ஆக்கள் வாங்கிறதெண்டால் விலையைக் குறைச்சும் தருவன். வேண்டாமெண்டால்தான் அவைக்கு."

"அவை எங்களிட்டைக் காய் எடுக்கிறவை" என்றார் தம்பிஐயா. "அப்ப இனி விலை ஆர் போடுறது?"

"அவைதான் போடுவினம்."

"காய் வாங்கிறவனே எங்கடை ஊர்ப் பேரிலை எங்கடை விலையைச் சொல்லுவான். நல்லாத்தான் இருக்கு." கோபம் தெரியவில்லை. வாய்க்காலைக் காலால் அணைத்துவிட்டு, "வாங்க எங்களிட்டை எங்கை காசு? நீர் முறையாய்க் கேட்டீர். நான் மறிக்கேல்லை. இனி உம்மடை விருப்பம்" என்றார்.

நாங்கள் எழுந்தபோது பின்னாலேயே படலை வரை வந்தார். "நாளைக்குக் காலமை நான் ஃபோன் எடுக்கத் தேவையில்லை, என்ன பிள்ளை?"

அக்கா படலையைச் சாத்திக் கொளுவினார்.

திரும்பி வரும்போது அவர் ஜன்னலோரம்தான் இருந்தார். கோப்பாய் தபாற் கந்தோரைத் தாண்டியும் எழுந்து நிற்கவில்லை. அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தால் கேட்கப் போயிருப்பேனா என்று யோசித்துக்கொண்டு வந்தேன். போயிருக்கமாட்டேன். விற்றுவிட்டு, பிறகு அதற்கு ஒரு நியாயம் தேடியிருப்பேன். படித்தது அதற்குத்தான் உதவியிருக்கும்.

வாசலில் கனிசியஸ் அண்ணை, "என்ன, ஊரை வித்தாச்சோ?" என்றார்.

அக்கா கணினியைத் திறந்து கொம்பனிக்கு ஒரே வரி எழுதினார்: அயலவர் சம்மதிக்கவில்லை.

"அவர் மறிக்கேல்லை எண்டுதானே சொன்னவர்?" என்றேன்.

"வாயாலை சொன்னவர்" என்றார். மறுநாள் காலை தம்பிஐயாவுக்குத் தானே எடுத்து விலை கேட்டார்.

றஞ்சித் குருத்து ஞாயிறு வரை அக்காவோடு கதைக்கவில்லை. அறையை ஒரு புடவைக் கடைக்காரர் வாங்கினார். உயிர்த்த ஞாயிறு கழிந்த வெள்ளிக்கிழமை கடையை வீட்டு விறாந்தைக்கு மாற்ற வேண்டியிருந்தது. காலையில் தம்பிஐயா விலை சொல்ல எடுத்தபோது, "இண்டைக்கு ஏத்தச் சுணங்கும் ஐயா, கடை மாத்திறன்" என்று மட்டும் அக்கா சொன்னார்.

மத்தியானத்துக்குள் பெட்டி பூட்டிய லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்று ஒழுங்கைக்குள் வந்தது. தம்பிஐயா, மகன் லக்ஷன், இன்னும் சில தோட்டக்காரர். பெட்டி நிறைய வாழைச்சருகு. குலைகளை அடிபடாமல் ஏற்றுவது போலவே போட்டோ பிரதி இயந்திரத்தைச் சருகில் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். இன்றைக்கும் அந்த இயந்திரத்தில் பிரதி எடுத்தால் சில நேரம் ஓரத்தில் சருகுத் துண்டொன்று விழும். என் வேலை விண்ணப்பம் ஒன்று அப்படித்தான் போனது.

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லி அக்கா அவர்களை மறித்தார். "வெள்ளிக்கிழமை பிள்ளை, நாங்கள் மீன் மச்சம் தொடுறேல்லை" என்றார் தம்பிஐயா.

"அப்ப ஒரு ஞாயிறு எல்லாரும் வாங்கோ. கூழ் காச்சித் தாறன். நண்டு, திருக்கை, றால் எல்லாம் போட்டு."

அதன்பிறகு திருவிழா வந்தது. கடல் கொந்தளித்தது. ஒழுங்கையில் ஒரு செத்தவீடு. கனிசியஸ் அண்ணையின் படகு இயந்திரம் பழுதானது. ஒவ்வொரு ஞாயிறும் ஏதோ ஒன்று. தம்பிஐயா மட்டும் காலை தவறுவதில்லை. விறாந்தையில் அக்கா தொலைபேசியைச் சத்தமாக வைத்துவிட்டுத் தட்டெழுதுவார்.

"கதலி எழுதினீரோ?"

"ஓம் ஐயா."

"கப்பல் வாழை?"

"எழுதிட்டன்."

"மொந்தன் ரெண்டு ரூபா இறக்கம்."

"சரி ஐயா."

தம்பிஐயா தண்ணீர் மோட்டரை நிறுத்துவார்.

"கூழ்?"

"வாற மாதம் ஐயா."