அக்கா கொடுக்க மறுத்த மிளகாய் நாற்று

பதினாறாம் நாளான இன்று எங்கள் துக்கத்தில் பங்குகொள்ள வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், அக்காவைப் பற்றித் தம்பியாகிய நான் எழுதுவது.

அக்கா பிறந்தது கருவேப்பிலங்குறிச்சியில், வாழ்க்கைப்பட்டது விருத்தாசலத்தில். மாமா பீங்கான் பட்டறையில் மண் அரைக்கும் இடத்தில் வேலை பார்த்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் நடுவில் இருமல் முற்றி வீட்டோடு இருந்துவிட்டார். இரண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு, அக்கா வீட்டின் பின்புறம் கத்தரியும் மிளகாயும் நாற்று விட்டு விற்கத் தொடங்கினார்.

முதல் நாற்று கைகொடுக்கவில்லை. இரண்டு இலை விட்ட கன்றுகள், ஒரு மழை பெய்த மறுநாள் காலையில் கூட்டமாகச் சாய்ந்து கிடந்தன. தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூல்போல் மெலிந்திருந்தது. சுற்றிலும் வெள்ளைப் பூசணம். கண் பட்டுவிட்டது என்றார்கள் தெருவில். அக்கா ஒரு கன்றைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு, பயிருக்கு யோசனை சொல்லும் அரசு ஊழியரான கிராம சேவக்கிடம் போனார். இது நாற்றழுகல், நெருக்கி விதைத்து மாலையில் தண்ணீர் ஊற்றினால் வரும் என்று அவர் விளக்கினார்.

அடுத்த முறை பாத்தியை ஒரு சாண் உயர்த்தி, மணல் கலந்து, இடைவெளி விட்டு விதைத்தார். காலையில் மட்டும் பூவாளியால் தெளித்தார். பூசணத்துக்கு மருந்தாக மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் தனித்தனியே கரைத்துக் கலந்து வேரடியில் ஊற்றினார். இரும்பு வாளியை மயில்துத்தம் அரித்துவிடும் என்பதால், பட்டறையில் கழித்துப் போட்ட பீங்கான் ஜாடியில்தான் கலப்பார். கட்டிலில் இருந்தபடியே மாமா அதில் கத்தியை முக்கிப் பார்ப்பார். செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு போடச் சொல்வார். நாற்று தேறியது, திட்டக்குடியிலிருந்துகூடத் தேடி வந்தார்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஐப்பசி. கணவரை இழந்து தன் கொல்லை நிலத்தில் தனியாகப் பயிர் செய்துவந்த ஸ்ரீமுஷ்ணம் தனபாக்கியம் அம்மாள், சொல்லி வைத்திருந்த மிளகாய் நாற்றுக்காக வந்தார். அன்று காலைதான் பாத்தியின் ஒரு மூலையில் அக்கா பூசணத்தைக் கண்டிருந்தார். மற்றதெல்லாம் பச்சையாக இருக்கிறதே, அதைக் கொடுத்தால் என்ன என்று மாமாவும் கேட்டார்.

“மேல பாத்தா பச்சையாதான் இருக்குதுங்க. வேர்ல என்னா இருக்குதுன்னு எனக்கே தெரியல. உங்க கொல்லைக்கு வந்து சாஞ்சா என்னா பண்ணுவீங்க?” என்றார் அக்கா.

“உழுது போட்டுட்டு வந்திருக்கேன். மழை எனக்காகக் காத்திருக்குமா?” என்று கேட்டுவிட்டு, அந்த அம்மாள் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். அன்று அக்கா சாப்பிடவில்லை.

நோய் கண்ட மூலையை மண்ணோடு பெயர்த்து அப்புறப்படுத்தினார். மீதிக்கு மருந்து ஊற்றிப் பத்து நாள் பார்த்தார். ஒரு கன்றும் சாயவில்லை. அதன்பின் ஈரச் சாக்கில் நாற்றைக் கட்டிக்கொண்டு ஸ்ரீமுஷ்ணம் பஸ் ஏறினார். பள்ளி விடுமுறை என்பதால், வாத்தியாரான நானும் உடன் போனேன்.

தனபாக்கியம் அம்மாள் வேறோரிடத்தில் நாற்று வாங்கி நட்டிருந்தார். அதில் பாதி அழுகிச் சாய்ந்துபோய்க் குழிகள் வெறுமையாகக் கிடந்தன. எங்களைப் பார்த்ததும் அவர் வரப்பில் ஒதுங்கி நின்றார். அக்கா புடவையைச் சொருகிக்கொண்டு கொல்லையில் இறங்கினார். வெறும் குழிகளில் ஒவ்வொன்றாக நடத் தொடங்கினார். சற்று நேரம் நின்ற அந்த அம்மாளும் எதிர் வரிசையில் குனிந்தார். பொழுது சாயும்போதுதான் வாய் திறந்தார்.

“நீங்க வருவீங்கன்னு நான் நெனைக்கலங்க.”

அந்த ஆண்டு அந்தக் கொல்லை காய்த்தது. பிறகு இருவரும் ஒருவர் வீட்டு நல்லது கெட்டதில் மற்றவர் இல்லாமல் இருந்ததில்லை. மாமா போன பிறகும் அக்கா நாற்று விட்டே இரண்டு பெண்களையும் கரையேற்றினார்.

சென்ற மாதம் காய்ச்சலில் படுத்த அக்கா மீண்டும் எழுந்திருக்கவில்லை. கடைசி வாரம் முழுக்க அருகிலிருந்து கஞ்சி புகட்டிய தனபாக்கியம் அம்மாளுக்கும், மருத்துவமனைக்கு வண்டி கொண்டுவந்தவர்களுக்கும், பந்தல் போட்டு உதவிய பட்டறைத் தோழர்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

படுப்பதற்கு முன் அக்கா ஒரு பாத்தி கத்தரி விதைத்திருந்தார். எங்களுக்கு அந்த நினைவே இல்லை. தெருப் பெண்கள் முறை வைத்துத் தண்ணீர் தெளித்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். நேற்று போய்ப் பார்த்தேன். எல்லாக் கன்றுகளும் நிற்கின்றன.