அக்காவின் இடப்பக்கம்

எங்கள் பழைய அம்பாசடரின் முன்கண்ணாடியைப் பிடித்திருந்த ரப்பர் இறுகி வெடித்துப்போயிருந்தது. வெயில் காலத்தில் கண்ணாடி லொடலொடவென்று ஆடும், அவ்வளவுதான். மழை பிடித்த ஒரு நாள் நானும் அக்காவும் பூவாரில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். ஓட்டியது நான். கண்ணாடியின் மூலை வழியாக இறங்கிய தண்ணீர் அக்காவின் பட்டுச் சேலை மடியில் சொட்டியது. அவள் காருக்குள்ளேயே குடையை விரித்தாள்.

"நீ ஓட்டுதது காரா, வள்ளமா பிள்ளே?"

பக்கத்தில் வந்த பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

நெய்யாற்றின்கரையில் புது ரப்பர் கிடைத்துவிட்டது. பொருத்தத்தான் ஆளில்லை. பாறசாலை மெக்கானிக் ஒவ்வொரு வாரமும், "அடுத்த ஆழ்ச்ச நோக்காம் சேச்சி" என்று அடுத்த வாரத்துக்குத் தள்ளினார். கடைசியில் ரப்பர் விற்ற கடைக்காரரிடமே வழி கேட்டேன். கண்ணாடியைச் சுற்றி ரப்பரை மாட்டி, அதன் பள்ளத்தில் கயிறு ஓட்டி, சட்டத்தில் வைக்க வேண்டும். வெளியே ஒருவர் அமுக்க, உள்ளே ஒருவர் கயிற்றை இழுத்தால் ரப்பரின் விளிம்பு சட்டத்தைக் கவ்விக்கொள்ளும்.

"பாவாடைக்க நாடா மாதிரி ஆக்கும். நான் இழுக்கேன்" என்றாள் அக்கா.

பழைய ரப்பரை உரித்துப் புதியதை மாட்டி, சோப்புத் தண்ணீர் தடவி, கண்ணாடியை இருவருமாகத் தூக்கி வைத்தோம். அக்கா உள்ளே ஏறிக் கயிற்றைத் தேடினாள். சீட்டுக்கு அடியில்கூடப் பார்த்தாள். கயிற்றின் இரண்டு நுனியும் வெளியே என் மூக்குக்கு நேராகத் தொங்கிக்கொண்டிருந்தன.

இரண்டாம் முறை நுனிகளை ஒழுங்காக உள்ளே விட்டோம்.

"இடப்பக்கம் அமுக்கு!"

அமுக்கினேன்.

"அது இல்ல, இடப்பக்கம்!"

"யாருக்க இடப்பக்கம்?"

"எனக்க இடப்பக்கம்தான். மூத்தவ நானாக்கும்!"

அவளுடைய இடப்பக்கத்தை நான் ஏற்றுக்கொண்ட பிறகு ரப்பர் விரல் விரலாகச் சட்டத்தில் ஏறியது. விளிம்புக்கு அடியில் கறுப்புப் பசையைப் பிதுக்கி, ஒரு நாள் காயவிட்டோம்.

மறுநாள் அக்காவை உள்ளே உட்காரவைத்துத் தோட்டத்துக் குழாயால் கண்ணாடிமேல் தண்ணீர் அடித்தேன். உள்ளே அவள் வாய் அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. என்னவென்று கேட்கக் குழாயோடு அவள் பக்கம் போனேன். அவளும் கதவுக் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினாள்.

"ஒரு சொட்டு..."

மீதி வார்த்தை தண்ணீரில் போயிற்று.

முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு இறங்கியவள், என்னைத் திட்டக்கூட மறந்து, "ஒரு சொட்டு வரல்ல, கேட்டியா?" என்றாள்.