எனக்கும் உரிய சனிக்கிழமை

சிசிலியின் பலேர்மோ நகரில், கால்சாப் பகுதியில் நான் வீட்டு வேலை செய்யும் யூதத் தம்பதியரை ஒரு வெள்ளிக்கிழமை மாலை இருட்டில் விட்டு வந்தேன். புறப்படும் வேளையில், வீண்செலவைப் பொறுக்காத யாழ்ப்பாணத்துக் கை சும்மா இருக்கவில்லை. நடைவழியில் ஆளின்றி எரிந்த விளக்கை அணைத்தது. சமையலறையில் சூடேறிக் கிடந்த மின்தட்டையும் அணைத்தது. பொறுப்பான வேலையாள் என்ற நிறைவோடு கதவைச் சாத்திக்கொண்டு போனேன்.

திங்கட்கிழமை வீட்டு அம்மையார், சிஞ்ஞோரா, சொன்ன பிறகே செய்தது விளங்கிற்று. வெள்ளி மாலை கதிரவன் மறைவதிலிருந்து சனி இரவு வரை அவர்களுக்கு ஓய்வு நாள். நெருப்பு மூட்டமாட்டார்கள்; மின்விசையைத் தட்டமாட்டார்கள்; கைப்பேசியைத் தொடமாட்டார்கள். அதற்காகவே விளக்கையும் தட்டையும் முன்கூட்டி எரியவிட்டிருந்தார்கள்.

"ஆறிய சூப்பைக் குடித்தோம். மெழுகுதிரிகள் அணைந்த பிறகு என் கணவர் மேசைக்காலில் இடித்துக்கொண்டார். எனக்குக் கண்ணீர் வருமளவுக்குச் சிரிப்பு" என்றார்.

"ஒரு தடவை அழைத்திருந்தால் ஓடி வந்திருப்பேனே, சிஞ்ஞோரா!"

"அழைக்க முடியாது. முடிந்தாலும் கூடாது. அந்த நாள் வீட்டுக்காரருக்கு மட்டும் உரியதன்று. வீட்டில் வேலை செய்பவருக்கும் உரியது, வாசலுக்குள் வந்த அந்நியருக்கும் உரியது, தொழுவத்து மாட்டுக்கும் உரியது. அதனால்தானே உங்களைச் சனிக்கிழமைகளில் வரவேண்டாம் என்றேன். அன்று என்ன செய்வீர்கள்?"

"மொண்டெல்லோக் கடற்கரையில் ஓர் உணவகத்தின் சமையலறையில் நிற்பேன். மாலைகளிலும் அங்கேதான்."

கண்ணாடிக் குவளையைத் துடைத்துக்கொண்டிருந்த அவருடைய கை நின்றது. "அப்படியானால் நான் உங்களுக்கு ஓய்வு கொடுக்கவில்லை. வேறொருவருக்கு உங்களைக் கொடுத்திருக்கிறேன்."

பேருந்தில் வரும் வழியெல்லாம் அந்தச் சொல் என்னை விடவில்லை. ஒரேத்தோப் பகுதியில் எங்கள் வீடு இருந்தது. குடும்பம் நடந்ததோ கைப்பேசியில். நோயுற்ற முதியவள் ஒருத்தியைப் பராமரிக்க மனைவி விடியுமுன் போய்விடுவாள். நான் இரவு திரும்பும்போது உறங்கிவிட்டிருப்பாள். குழம்பு எங்கே இருக்கிறது, மகளின் பள்ளிக்கூட்டத்துக்கு யார் போவது என்பதையெல்லாம் குரற்செய்தியாக அனுப்புவாள். உணவக முதலாளியின் செய்திகளுக்கு நடுவே அவள் குரல் அமிழ்ந்துபோகும். அவளுக்கும் மகளுக்கும் சனிக்கிழமை விடுமுறை, எனக்கு இல்லை. இப்படியே இன்னும் சில ஆண்டுகள் போனால் மகள் என்னை வாடகைக்கு இருப்பவன் என்றே எண்ணியிருப்பாள்.

அன்றிரவு மனைவி விழித்திருந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"மாட்டுக்கும் லீவு குடுத்திருக்கினம்," என்றாள். "உங்களுக்குத்தான் இல்லை. முதலாளியிட்டைக் கேளுங்கோவன்."

"வேலை போச்செண்டால்? வருமானம் குறைஞ்சால், இஞ்சை இருக்கிறதுக்கான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கேக்கை குவெஸ்தூராப் பொலிசிலை கேப்பாங்கள்."

"போனால் பாப்பம். வேலை இருக்கேக்கை மட்டும் நீங்கள் இஞ்சை இருக்கிறியளோ?"

வெறுங்கையோடு போய்க் கேட்டால் முதலாளி கதவைக் காட்டுவார் என்பதை அறிவேன். அப்போதுதான் அந்தத் தம்பதியரின் வழக்கத்தில் எனக்குப் பயன்படக்கூடிய பகுதி புலப்பட்டது. அவர்களுடைய ஓய்வு வெள்ளி காலையிலேயே தொடங்கிவிடுகிறது: சமைத்து, சூட்டில் வைத்து, விளக்கேற்றி, இனி ஒன்றும் செய்யவேண்டியதில்லை என்ற நிலையை உண்டாக்கிய பின்னரே கை ஓய்கிறது. நான் இல்லாமலும் நடக்கும் சமையலறையை நான் முதலில் ஆயத்தம் செய்யவேண்டும்.

அங்கே என்னோடு இருவர் இருந்தனர். பாஸ்தா அவிக்கும் மன்னார்க்காரர் கத்தோலிக்கர், என்னைவிட மூத்தவர்; மீன் துப்புரவு செய்பவர் எங்கள் ஊர்ப்பக்கத்தவர். பொரிப்பது என் வேலை. எண்ணத்தைச் சொன்னதும் மன்னார்க்காரர் வெடித்துச் சிரித்தார்.

"என்ன தம்பி, யூதனா மாறிப்போட்டியோ? சனிக்கிழமை எண்ணெய் வைச்சு முழுகத்தான் லீவெண்டு நேரை சொல்லன்!"

"முழுக்கும் நடக்கும், அண்ணை. நீங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போய் எவ்வளவு காலம்?"

சிரிப்பு நின்றது. "அதைக் கேளாதை," என்றார். பிறகு என் அடுப்புப் பக்கம் வந்து, "கணவாய் எப்பிடிப் பொரிக்கிறனி? காட்டு பாப்பம்," என்றார்.

மன்னார்க்காரர் ஞாயிற்றுக்கிழமையையும் மீன்காரர் செவ்வாய்க்கிழமையையும் கேட்டனர். கோடை தொடங்குமுன் ஒருவர் வேலையை மற்றவர் கற்றோம். என் பாஸ்தா குழைந்தது. மன்னார்க்காரரின் கணவாய் ரப்பராயிற்று. இருவரும் பிழைகளைத் தின்றே தீர்த்தோம்.

பின்னர் ஒரு சனிக்கிழமை, மதியக் கூட்டம் கலைந்ததும் மூவருமாக முதலாளி முன் நின்றோம். ஆளுக்கு ஒரு நாள் வேண்டும் என்று நான்தான் சொன்னேன்.

"ஓகஸ்ட் மாதத்தில் நீ வீட்டில் படுத்திருந்தால் கணவாய் தானாகப் பொரியுமா?" என்று அவர் சீறினார்.

"இன்றைய கணவாய் எப்படியிருந்தது, பத்ரோன்?"

"நன்றாகத்தான் இருந்தது. மேசைகளிலிருந்து பாராட்டு வந்ததே. அதற்கென்ன?"

"நான் பொரிக்கவில்லை. இவர் பொரித்தார். நான் காலை முழுவதும் மீன் செதில் எடுத்தேன். பாஸ்தாவை அவித்தவர் அவர்," என்று முதலில் மன்னார்க்காரரையும் பிறகு மீன்காரரையும் காட்டினேன்.

முதலாளி எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். சிசிலிய மொழியில் ஒரு வசவு விழுந்தது. அதன் வாலில் சிரிப்பும் வந்தது. "ஒரு மாதம் பார்ப்போம்" என்றார். அந்த ஒரு மாதத்துக்கு இரண்டாவது கோடை நடந்துகொண்டிருக்கிறது.

நாங்கள் சைவர்கள்; அந்த நாளின் விதிகள் எங்களுக்குரியவை அல்ல. ஆயினும் அதிலிருந்து இரண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டோம்: சமையல் வெள்ளிக்கிழமையே முடியவேண்டும், கைப்பேசிகள் மூன்றும் அலுமாரிக்குள் போகவேண்டும். மகள் பெரும்போர் தொடுத்தாள். தாய் அசையவில்லை.

முதற் சனிக்கிழமை மதியம் மூவரும் ஒரே மேசையில் இருந்தோம். தொடக்கத்தில் கரண்டிச் சத்தமே கேட்டது. பிறகு நான் சமையலறைக் கதையைத் தொடங்கினேன். ரப்பர்க் கணவாய்க்கு மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு தந்த ஊக்கத்தில் முதலாளியைப் போல நடித்துக் காட்டினேன். அங்கிருந்து நான் பலேர்மோவுக்கு வந்த கதைக்குத் தாவினேன். சோறு ஆறிற்று, மனைவி எழுந்து போகவில்லை.

"அப்பா, பஸ்தா! போதும்!" என்று மகள் இத்தாலிய மொழியிலும் தமிழிலும் கத்தி இரு காதுகளையும் பொத்தினாள். "அம்மா, இவர் எப்பவும் இப்பிடித்தான் கதைப்பாரோ?"

"ஓம்," என்றாள் மனைவி. "இப்பதானே ஆளைக் கண்டிருக்கிறாய்."