பிரதீபனுக்கு இன்னும் பக்குவம் வரவில்லை

தர்மபுரத்தில் என் சின்னம்மா அருந்ததி சொன்னால் சொன்னதுதான். காலையில் பால் கொண்டுவருகிறவர்கள் அவருடைய வீட்டு முன்கொட்டிலில் வரிசையாக நிற்பார்கள். பால்மானியைப் பாலுக்குள் விட்டுப் பார்த்து, கொஞ்சம் தண்ணீர் தெரிகிறது என்று அவர் சொன்னால் யாரும் சண்டைக்குப் போவதில்லை. மாடு மழையில் நனைந்துபோனது என்று ஏதாவது பகிடி விட்டுவிட்டு, சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள். எல்லோருடைய பாலும் ஒரே பெரிய கானுக்குள் போகும். அந்தக் கானிலிருந்து ஒரு செம்பு எடுத்துத்தான் சின்னம்மா தன் காலைத் தேத்தண்ணியைப் போடுவார்.

அவருடைய தாய் தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வாய்க்கால் பாயும் வயற்காணி பெற்றவர்கள். கணவரைப் போரின் கடைசி மாதங்களில் இழந்தார். முகாமிலிருந்து திரும்பி வந்து, இரண்டு மாடுகளோடு தொடங்கி, பால் நிலையம் வைத்து, மகளைக் கட்டிக் கொடுத்தார். கட்சியின் உள்ளூர்க் கிளைக்குத் தலைவியும் ஆனார். எட்டு வருடம் ஊர் ஊராகவும் நாடு நாடாகவும் அலைந்துவிட்டு நான் திரும்பி வந்தபோது, ஏன் போனாய் என்றோ எப்போது போவாய் என்றோ கேட்காமல், மகளின் அறையைக் கூட்டித் தந்தவர் அவர்தான். அவரைப் பற்றி நல்லதாக மட்டும் எழுதுவது எனக்குச் சுலபம்.

பிரதீபனைப் பிரதேச சபைக்குக் கொண்டுவந்ததும் அவர்தான். பிரதீபன் அழகம்மாவின் மகன். அழகம்மாவின் குடும்பம் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குத் தப்பி வன்னிக்கு வந்தது. வாய்க்கால் ஏறாத மேட்டுக் காணியில் குடியேறியவர்கள். பக்கத்து வயல்களில் கூலி வேலை செய்து, பிறகு ஒரு மாடு வாங்கி, இன்று வரை சின்னம்மாவிடம்தான் பால் ஊற்றுகிறார்கள். பிரதீபன் சிங்களம் நன்றாகக் கதைப்பான். வனத்துக்குரிய காணி என்று அதிகாரிகள் எல்லைக்கல் நட வந்த நாளில், சத்தம் போடாமல் அவர்களோடு நின்று கதைத்து, நட்ட கல்லைப் பிடுங்க வைத்தவன். கோடையில் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டி எந்த ஒழுங்கையில் நிற்கிறது என்று அவனுக்குத் தெரியும். தேர்தலின்போது சின்னம்மா வீடு வீடாகப் போய், "இது என்ர பொடியன். இவனுக்குப் போடுங்கோ" என்று கேட்டார். நானும் கூடப் போனேன். அப்படிப் போனபோது அவனுடைய வீட்டிலும் ஏறினோம்.

அழகம்மா தேத்தண்ணி போட எழுந்தார். சின்னம்மா, "வேண்டாம், வயிறு கொஞ்சம் சரியில்லை" என்றார். உடனே ஒரு சோடாப் போத்தல் வந்தது. மூடியை எங்கள் முன்னால்தான் திறந்தார்கள். சின்னம்மா அதைக் குடித்தார்.

இந்தப் பழக்கம் எங்கள் ஆட்களுக்குத் தெரிந்ததுதான். சில வீடுகளுக்குப் போவோம், பாயில் இருப்போம், பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுவோம். அவர்கள் அடுப்பில் கொதித்ததை மட்டும் வாயில் வைக்க மாட்டோம். மூடிய போத்தல் என்றால் குற்றமில்லை. இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. யாருக்காவது வயிறு சரியில்லாமல் போகும், அவ்வளவுதான். ஆனால் வவுனியா முகாமில் சின்னம்மாவும் அழகம்மாவும் ஒரே கிடாரத்துக் கஞ்சிக்கு ஒரே வரிசையில் நின்றவர்கள். சின்னம்மா காய்ச்சலில் கிடந்தபோது வாய்க்குள் கஞ்சி ஊற்றியவர் அழகம்மா. இதைச் சின்னம்மாவே எனக்குச் சொல்லியிருக்கிறார். ஊர் திரும்பியபோது வீட்டில் கூரை இருக்கவில்லை, கதவு இருக்கவில்லை. இந்தப் பழக்கம் மட்டும் ஒரு கீறலும் இல்லாமல் திரும்பி வந்திருந்தது.

மாகாண சபைத் தேர்தல் வரப்போகிறது என்ற கதை பலமாக அடிபட்ட நாட்களில், கட்சியின் மாவட்ட அமைப்பாளர் தயாபரன் சின்னம்மாவைத் தேடி வந்தார். எங்கள் பக்கத்திலிருந்து ஒருவரை நிறுத்த வேண்டும், பிரதீபனின் பெயர் பலமாக அடிபடுகிறது, வளர்த்தவர் என்ற முறையில் உங்கள் அபிப்பிராயம் தேவை என்றார். சின்னம்மா தேத்தண்ணி கொடுத்தார். நான் குசினி வாசலில் நின்றேன்.

"நல்ல பொடியன்தான்," என்றார் சின்னம்மா.

தயாபரன் காத்திருந்தார்.

"ஆனா மாகாண சபை எண்டா வேற, தம்பி. பெரிய ஆக்களோட இருந்து எழும்ப வேணும். இன்னும் கொஞ்சம் பக்குவம் வேணும். இந்த முறை விடுங்கோ, அடுத்த முறை பாப்பம்."

"அப்ப இப்ப தயாரில்லை எண்டுறியள்."

"ஓம். இப்ப இல்லை."

தயாபரன் தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்தார். அவர் முகத்தில் கவலை இருக்கவில்லை. அவர் போன பிறகு நான் கேட்டேன், எந்தப் பக்குவம் குறைகிறது என்று. கோபம் வரும், வயது காணாது, படிப்புக் காணாது என்று சின்னம்மா ஒவ்வொன்றாகச் சொன்னார். கல்லுப் பிடுங்கிய அன்று அவனுக்கு ஏன் கோபம் வரவில்லை என்று நான் கேட்டதற்கு, கோப்பைகளை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

போகும்போது சொன்னது எனக்குக் கேட்டது. "நாளைக்கு அவன் தேர்தலில வெண்டு வந்தால் மாலை போட்டு, இந்த வீட்டில இருத்திச் சோறு போட வேணும். அவன்ர வீட்டிலயும் போய்ச் சாப்பிட வேணும். சனம் என்ன சொல்லும்?"

அந்த வாரமே நகரத்தில் கல்வி நிலையம் நடத்தும் ஒருவருடைய பெயர் வேட்பாளராக மேலே போய்விட்டது. அதற்குப் பிறகு அழகம்மாவின் பால் வரவில்லை. கோபமாக்கும் என்று நான் நினைத்தேன். காய்ச்சல் என்று பக்கத்து வீட்டு ரஜிதா சொன்னாள். சின்னம்மா தோடம்பழம் வாங்கிக்கொண்டு புறப்பட்டார்.

அழகம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். எங்களைக் கண்ட சந்தோஷம் முகத்தில் உண்மையாகவே இருந்தது. மருமகளைக் கூப்பிட்டுக் கண்ணைக் காட்டினார். போத்தல் வந்தது. சின்னம்மா இன்னும் வாயே திறக்கவில்லை.

"குடிங்கம்மா. நீங்க வந்தா வேணுமேன்னு ஒன்னு எப்பவும் வாங்கி வச்சிருப்போம்," என்றார் அழகம்மா.

அதைக் குத்தலாகச் சொல்லியிருந்தால் சின்னம்மா தாங்கியிருப்பார். காய்ச்சலில் கிடந்த மனுசி அதை ஒரு மரியாதையாகச் சொன்னார். சின்னம்மாவின் முகம் கறுத்தது. போத்தலைத் தள்ளி வைத்துவிட்டு, தேத்தண்ணி இருந்தால் தாருங்கள் என்றார். மருமகள் அழகம்மாவைப் பார்த்தாள். அழகம்மா பதறிப்போய், நல்ல கோப்பை இருக்கிறதா பார் என்றார். காலையில் கறந்த பாலும் முடிந்திருந்தது. வெறுந்தேத்தண்ணி வந்தது. சின்னம்மா அதைக் கடைசி மிடறு வரைக்கும் குடித்தார்.

வாசலில் நின்ற பிரதீபன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். நாங்கள் படியிறங்கும்போது கூடவே வந்தான்.

"தயாபரன் அண்ணை எனக்குச் சொன்னவர், அன்ரி. அருந்ததி அக்காவே வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டா, நாங்கள் என்ன செய்யிறது எண்டு."

சின்னம்மா செருப்பை மாட்டினார்.

"நீங்கள் தேத்தண்ணி குடிச்சதில அம்மாவுக்குச் சந்தோஷம். ஆனா அது வேற, இது வேற."

அவ்வளவுதான் சொன்னான். கேற்றைத் திறந்துவிட்டு, நாய் வரும், பார்த்துப் போங்கோ என்றான்.

வீட்டுக்கு வந்ததும் சின்னம்மா தயாபரனுக்குத் தொலைபேசி எடுத்தார். ஒலிபெருக்கியில் போடத்தான் அவருக்குத் தெரியும். அதனால் எனக்கும் கேட்டது. தான் சொன்னது சரியில்லை, பிரதீபனுக்கு எல்லாத் தகுதியும் இருக்கிறது, பெயரை மாற்றுங்கள் என்றார். தயாபரன் சிரித்தார்.

"அக்கா, உங்களிட்ட வந்து கேட்டதே நீங்கள் இப்பிடிச் சொல்லுவியள் எண்டுதானே. நாங்கள் மாட்டம் எண்டால் தோட்டக்காட்டான் எண்டபடியாத்தான் எண்டு கதைப்பாங்கள். நீங்கள் சொன்னால் ஆர் கதைக்கிறது?"

சின்னம்மா போனை மேசையில் வைத்தார். அது தானாக அணையும்வரை தயாபரனின் குரல் வந்துகொண்டிருந்தது. பால் கொட்டிலுக்குப் போய், கழுவியிருந்த கான்களை எல்லாம் திரும்பவும் கழுவினார். நான் உதவிக்குப் போனேன். விடு என்றார்.

அடுத்த கிளைக் கூட்டம் பொதுநோக்கு மண்டபத்தில் நடந்தது. வயற்பக்கத்தாரும் மேட்டுப் பக்கத்தாரும் வழக்கம்போல ஆளுக்கொரு பக்கமாக இருந்தார்கள். சின்னம்மா தலைவியின் கதிரையை விட்டு எழுந்து முன்னால் வந்து நின்றார்.

"பிரதீபனுக்குப் பக்குவம் காணாது எண்டு நான் தயாபரனுக்குச் சொன்னனான். அது பொய். அவன் அழகம்மான்ர மகன் எண்டபடியாத்தான் சொன்னனான். அவன் மேல வாறது எனக்குப் பொறுக்கேல்லை."

யாரோ கதிரையை இழுத்த சத்தம் கேட்டது. வயற்பக்கத்தில் ஒருவர், இதெல்லாம் இங்கே ஏன் என்று முணுமுணுத்தார். சின்னம்மாவைவிட அவர்களுக்குத்தான் வெட்கமாக இருந்தது போலிருந்தது. தான் மறைத்ததை மட்டுமல்ல, அவர்கள் மறைத்ததையும் அவர் சொல்லிவிட்டார். மேட்டுப் பக்கத்திலிருந்து ஒரு மனுசி, "பேர் போய்ச் சேந்த பிறகோ இந்த ஞாபகம் வந்தது?" என்று கேட்டார். சின்னம்மா அந்தப் பக்கம் திரும்பினார். நின்ற இடத்திலேயே நின்றார். இருக்கவும் தெரியவில்லை, போகவும் தெரியவில்லை.

பிரதீபன் எழுந்தான். அழவைக்கவோ மன்னிக்கவோ அவனுக்கு அது நல்ல சந்தர்ப்பம். நான் அவனுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அன்ரி சொன்னதைக் கூட்டக் குறிப்பில எழுதுங்கோ," என்றான் செயலாளரிடம். "சொன்னது சொன்னபடி. இனிப் பவுசர் விசயத்துக்கு வருவம். மேட்டுப் பக்கத்துக் கிணறுகளில அடி தெரியுது. அன்ரி, இருந்துகொண்டு கூட்டத்தை நடத்துங்கோ."

சின்னம்மா போய் இருந்தார். கூட்டம் நடந்தது. பவுசர் எந்த ஒழுங்கைக்கு எந்தக் கிழமை என்று முடிவாகியது.

காய்ச்சல் மாறி அழகம்மா பாலோடு வந்தபோது வரிசை நீளமாக இருந்தது. சின்னம்மா பால்மானியை விட்டுப் பார்த்தார், நல்ல பால் என்றார், பெரிய கானுக்குள் ஊற்றினார். பிறகு எல்லோரையும் காக்க வைத்துவிட்டு உள்ளே போய், தன் கோப்பையைப் போன்ற இன்னொரு கோப்பையில் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து நீட்டினார்.

அழகம்மா கோப்பையைப் பார்த்தார். வரிசையில் நின்றவர்களைப் பார்த்தார்.

"வேண்டாம்மா," என்றார். "வயிறு கொஞ்சம் சரியில்ல."

உண்மையாகவும் இருக்கலாம். காய்ச்சலில் கிடந்து எழுந்தவர். குரலிலும் ஒன்றும் இருக்கவில்லை. வெறும் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் மாட்டை அவிழ்க்க வேண்டும் என்று சொல்லி நடந்தார்.

சின்னம்மா ஆவி பறக்கும் கோப்பையைக் கையில் பிடித்தபடி நின்றார். அடுத்து நின்றவர் தன் பால் பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டு, வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.