கீழே உள்ள டிராக் ரெஜினாவுடையது

அன்று வியாழக்கிழமை, எங்கள் பாட்காஸ்டுக்குப் பதிவு செய்யும் நாள். புதுக்கடையில் என் வீட்டில் நானும், தேங்காய்ப்பட்டணத்தில் அவள் வீட்டில் ரெஜினாவும் உட்கார்ந்து, இன்டர்நெட் வழியாகப் பேசிப் பதிவு செய்வோம். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு லேப்டாப் முன்னால் காத்திருந்தேன். நேரம் தவறாதவள் வரவில்லை. "உறங்குதியா ஏட்டி?" என்று கேலியாக வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். சற்று நேரத்தில் அவள் கணவர் தாமஸ் அண்ணன் கூப்பிட்டார். "லில்லி, ரெஜினா போயிட்டா. விடியக்கால நெஞ்சு வலிக்குதுன்னா. ஆஸ்பத்திரி போவதுக்குள்ள முடிஞ்சு போச்சு." நான் அனுப்பிய கேள்வி அவள் போனில் இன்னும் படிக்கப்படாமல் கிடக்கிறது.

எங்கள் நிகழ்ச்சியைக் கேட்டவர்களுக்கு அவளை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ரெஜினாவும் நானும் மஸ்கட்டில் ஒரே ஆஸ்பத்திரியில் நர்ஸ்கள். ஹாஸ்டலில் ஒரே அறை. எனக்கு முன்பே அவள் ஊர் திரும்பிவிட்டாள். வளைகுடாவில் உழைத்துவிட்டு வந்த பெண்களின் கதைகளைப் பேசலாம் என்ற யோசனை அவளுடையதுதான். என் கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் வெளிநாட்டில். எனக்குப் பேச ஓர் ஆள் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

முதல் பதிவை அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு போனை வைத்துச் செய்தோம். வார்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் குரல் கொடுத்துப் பழகியவள் அவள். கேட்டுப் பார்த்தால், அவள் பிரசங்கம் செய்வது போலவும் நான் பக்கத்து வீட்டில் முனகுவது போலவும் இருந்தது. இரண்டு குரலும் ஒரே பதிவில் கலந்துவிட்டதால், அவளைக் குறைத்தால் நானும் குறைந்தேன். நல்ல சாப்ட்வேர் தேடும் படலம் அப்படித்தான் தொடங்கியது.

மாதச் சந்தா கட்டும் ஒன்றை என் மகன் சொன்னான். இரைச்சல், இடைவெளி, இருமல் எல்லாவற்றையும் அதுவே துடைத்துவிடும். பேச்சு வானொலிச் செய்தி மாதிரி வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு ரெஜினா போன் செய்தாள்.

"கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்க உம் எல்லாம் எங்கட்டி?"

"அதெல்லாம் குறைன்னு சாப்ட்வேரே எடுத்துப் போட்டுட்டுது."

"நீ மாப்பிள செத்ததைச் சொல்லிட்டு இருக்க, நான் ஒரு உம்கூட கொட்டாம மரம் மாதிரி இருக்கேன். கேக்கவங்க என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க? சவத்த விடு, இது நமக்கு வேண்டாம்."

கடைசியில் அவள் தேர்ந்தெடுத்தது பார்ப்பதற்கு அழகில்லாத ஓர் இலவச சாப்ட்வேர். ஒவ்வொருவர் குரலையும் தனித்தனி டிராக்கில் வைத்துக்கொள்ளலாம். திரையில் குரல்கள் ஏறி இறங்கும் கோடுகளாக ஓடும்; மேலே என்னுடையது, கீழே அவளுடையது. நான் பேசும் இடங்களில் அவள் டிராக்கில் சின்னச் சின்ன மேடுகள் தெரியும். எல்லாம் அவள் கொட்டிய உம்கள். ஒன்றையும் தொட விடமாட்டாள்.

குழித்துறையிலிருந்து ஒரு பெண் சமையல் நிகழ்ச்சி தொடங்கவேண்டும், எந்த சாப்ட்வேர் நல்லது என்று அவளிடம் கேட்டாள். "முதல்ல உனக்க போன்ல உள்ளதுல பேசு. பேசினதை நீயே முழுசாக் கேளு. அலுப்பு வரல்லேன்னா மட்டும் சாப்ட்வேர் தேடு" என்றாள் ரெஜினா. பிறகு கொஞ்சம் இரக்கப்பட்டு, "ஒவ்வொரு குரலும் தனியா நிக்குமா, வெட்டினதைத் திரும்ப எடுக்க முடியுமா, சந்தாவை நிறுத்தினாலும் நம்ம பேச்சு நம்ம கையில இருக்குமா. இதைப் பாத்துக்க, போதும்" என்றாள். அந்தப் பிடிவாதத்தால்தான் அவள் பேசியதெல்லாம் இன்று என் வீட்டு அலமாரியில் ஒரு ஹார்டு டிஸ்க்கில் பத்திரமாக இருக்கிறது.

எங்கள் பேச்சு மலையாளம் போலிருக்கிறது, நல்ல தமிழில் பேசக்கூடாதா என்று ஒருவர் எழுதியிருந்தார். நான் சமாதானமாகப் பதில் எழுத உட்கார்ந்தேன். அவள் மைக்கை இழுத்துப் பதிந்தேவிட்டாள்: "நாங்க பேசுதது இப்படித்தான். புரியல்லேன்னா மெதுவா ஓட விட்டுக் கேளும். அதுக்கும் பட்டன் உண்டு." அந்த மனிதர் அதன்பிறகு ஒரு பகுதியையும் தவறவிட்டதில்லை.

அவள் இறப்பதற்கு முந்தைய வியாழக்கிழமை, நான் வேலையை விட்டு ஊர் திரும்பிய முதல் நாளைப் பற்றிப் பேசினேன். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததுவரை சொல்லியிருப்பேன், கரண்ட் போய்விட்டது. மிச்சத்தை அடுத்த வாரம் பேசலாம் என்று விட்டுவிட்டோம். முடிவு அவளுக்குத் தெரியாது. வேண்டுமென்றே அவளிடம் சொல்லாமல் வைத்திருந்தேன்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து அந்தப் பதிவைத் திறந்தேன். என் டிராக்கை அணைத்துவிட்டு அவளுடையதை மட்டும் ஓடவிட்டேன். ஃபேன் சுற்றும் சத்தம். ஒரு காக்கை. டம்ளரை மேசையில் வைக்கும் ஓசை. "ம்." மறுபடி நீண்ட அமைதி. "ம்." கரண்ட் போவதற்குச் சற்று முன் கடைசியாக, அடுத்து என்ன என்று கேட்கும் ஒரு சொல்: "பின்ன?" அதைக் கேட்டதும் ஹெட்போனைக் கழற்றிவிட்டு அழுதேன்.

கதையைத் தனியாக முடிக்கப் பலமுறை உட்கார்ந்தேன். இரண்டு வாக்கியத்துக்கு மேல் போகவில்லை. உம் கொட்ட ஆளில்லாமல் எனக்குப் பேச வரவில்லை. போன வியாழக்கிழமை, அவள் "பின்ன?" என்று கேட்கும் இடத்தை ஓடவிட்டு, அங்கிருந்து பேச ஆரம்பித்தேன்.

நான் சொன்னது இவ்வளவுதான். வந்த அன்று சாயங்காலம், இந்த வீட்டில் என்னால் இருக்கமுடியாது, பெட்டியைப் பிரிக்காமலே திரும்பிப் போய்விடலாம் என்று முடிவு செய்தேன். அப்போது போன் அடித்தது. "ஏட்டி, சோறு உண்டியா?" என்றாள் ரெஜினா. நான் பேச ஆரம்பித்தேன். வடித்த சோறு ஆறிப்போகும்வரை பேசினேன். அவள் ம் என்றும் பின்ன என்றும் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். போனை வைத்ததும் பெட்டியைப் பிரித்துச் சேலைகளை அலமாரியில் அடுக்கினேன். அவளால்தான் நான் ஊரில் தங்கினேன். இதை அவளிடம் சொல்லத்தான் ஒரு வியாழக்கிழமை பாக்கி இருந்தது.

அந்தப் பகுதியை ஒரு வெட்டும் இல்லாமல் வெளியிட்டிருக்கிறேன். அதில் அவள் குரலாக இருப்பது அந்த உம்களும் அந்த ஒரு "பின்ன?"வும்தான். சொல்லி முடித்தபோது திரையில் கீழே உள்ள டிராக் ஒரே நேர்கோடாகப் போய்க்கொண்டிருந்தது. பதிவை நிறுத்தாமல் கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.