அவளுக்கும் ஒரு பூசை

தொட்ட பொருளைக் கீழே விழாமல் நிறுத்துவாள். அவளுடைய சக்தி அவ்வளவுதான். கையை எடுத்தால் விழுந்துவிடும். வானத்தில் பறப்பவர்களும் மலையைப் பிளப்பவர்களும் நிறைந்த ஒரு காமிக்ஸில், பதினைந்து வயதுப் பெண்ணுக்குப் போய் இப்படி ஒரு சக்தியைக் கொடுத்த புண்ணியவானை நான் இன்னும் மன்னிக்கவில்லை. பெரிய வீரர்கள் அவளை ஏணி பிடிக்கத்தான் கூப்பிடுவார்கள். எல்லாரும் சேர்ந்து நிற்கும் படத்தில் கடைசி வரிசையில், யாருடைய தோளுக்கோ பின்னால், பாதி முகம் தெரியும்.

எனக்கு அந்தப் பாதி முகம் போதும். பள்ளிக்கூட விழாக்களில் நானும் நாற்காலி அடுக்குகிற ஆள்தான். அப்பா எஸ்டேட்டில் செம்பனைக் குலை லோரி ஓட்டினார். தம்பின் டவுன் பக்கம் போனால் பழைய புத்தகக் கடையில் எனக்கு ஒரு கட்டு காமிக்ஸ் வாங்கிவருவார். சண்டைப் பக்கங்களையெல்லாம் தள்ளிவிட்டு நான் இவளைத்தான் தேடுவேன்.

ஒரு நாள் செத்துப்போனாள். இடிந்து விழ இருந்த கட்டடத்தை உள்ளேயிருந்து தாங்கிப் பிடித்து, எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டாள். தான் வெளியே ஓட வேண்டுமென்றால் கையை எடுக்க வேண்டுமே! அதற்கு ஒரே ஒரு சின்னக் கட்டம். அடுத்த பக்கத்தில் பெரியவர்கள் வேறு சண்டைக்குக் கிளம்பிவிட்டார்கள். ஒருத்தராவது அழ வேண்டாமா? அவள் செத்ததைவிட அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் அழுதேன். சோறு வேண்டாம் என்றேன். அம்மா பிடித்து உலுக்கியபோது அவள் பெயரைச் சொல்லி, "செத்துட்டாம்மா, பதினஞ்சு வயசுதான்" என்று மட்டும் சொல்ல முடிந்தது. அம்மா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். கூடப் படிக்கிற பெண் என்று அவளே முடிவுகட்டிவிட்டாள். வெள்ளைக்காரப் பெயர் அம்மாவுக்கு உறுத்தவே இல்லை. எங்கள் கோயிலில் பாதிப் பேருக்கு அப்படித்தான் பெயர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசையில், மரித்தவர்களுக்கான மன்றாட்டில் சாமியார் அவள் பெயரை வாசித்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அம்மா கோயில் உபதேசியாரிடம் சொல்லிவைத்திருக்கிறாள்! "பதினைந்து வயதுச் சிறுமி" என்றதும் பின்னாலிருந்து உச்சுக்கொட்டினார்கள். எஸ்டேட் கணக்கு எழுதும் கிராணி வீட்டம்மா மூக்கைச் சிந்தினார். எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே, வெட்கமில்லாமல் சொல்கிறேன், மனசு நிறைந்துபோனது. அவளுக்காக அழவும் ஆள் கிடைத்துவிட்டது.

பூசை முடிந்ததும் பெண்கள் அம்மாவைச் சூழ்ந்துகொண்டு, எப்படிச் செத்தாள் என்று கேட்டார்கள். அம்மா என்னைப் பார்த்தாள். அவளைத் தனியே இழுத்துப்போய் விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் போன போக்கில், முதுகில் நாலு நிச்சயம் என்று நினைத்தேன்.

"பொஸ்தகத்துலயா?"

"ஆமாம்மா."

"கட்டடத்தப் புடிச்சிக்கிட்டு உள்ளாறயே நின்னுட்டாளா?"

"ஆமா."

"அவங்காளுங்க ஒருத்தனும் திரும்பிப் பாக்கலயா?"

"இல்லம்மா."

அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெண்களிடம் போனாள். "கட்டடம் இடிஞ்சி விழுந்துடுச்சிலா. எல்லாத்தையும் வெளிய அனுப்பிட்டு, புள்ள உள்ள மாட்டிக்கிச்சி" என்றாள். அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. வீட்டுக்கு வந்ததும் எனக்குச் சேர வேண்டிய நாலும் வந்துசேர்ந்தது.

இப்போது எனக்குச் சிரம்பானில் வேலை. காமிக்ஸ் வாங்குகிற பழக்கம் மட்டும் விட்டபாடில்லை. அந்த உலகத்தில் யாரும் ஒரேயடியாகச் சாவதில்லை என்பது தெரிந்ததுதான். ஆனாலும் போன மாதம் அவள் திரும்பி வந்ததைக் கடையிலேயே நின்று இரண்டு தரம் பார்த்தேன். அதே கடைசி வரிசை, அதே பாதி முகம். உடனே அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"உசுரோடயா?" என்றாள்.

"உசுரோடதாம்மா."

 

"வருசா வருசம் கல்லறைத் திருநாளுக்கு அவ பேரையும் குடுத்துக்கிட்டு இருக்கேன்" என்றாள். "சரி, இந்த ஞாயித்துக்கெழம நன்றிப் பூசைக்கு மாத்திச் சொல்லிடுறேன்லா."